எல்லை தாண்டும் பசி: சூடான் போரும் அண்டை நாடுகளும் – கேள்வி பதில்

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் மூண்ட போர் சாட், தென்சூடான் ஆகிய நாடுகளின் உணவை எவ்வாறு பாதித்தது என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: சண்டை சூடானில் நடக்க, தென்சூடானில் விலை ஏறுவது ஏன்?

தென்சூடானின் வடபகுதிச் சந்தைகள் சோளம், மாவு, சர்க்கரை ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகச் சூடானையே நம்பியிருந்தன. போரால் அந்த வணிகப் பாதை முடங்கியது. அதைவிடப் பெரிய அடி கச்சா எண்ணெயில் விழுந்தது. தென்சூடான் அரசின் வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தரும் எண்ணெய், சூடான் வழியே செல்லும் குழாயில்தான் கடலை அடைகிறது. 2024 பிப்ரவரியில் போர்ப் பகுதியில் அந்தக் குழாய் பழுதாகி ஏற்றுமதி பெருமளவு நின்றதும் டாலர் வரத்து குறைந்தது, நாணய மதிப்பு சரிந்தது, அரசு ஊழியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையானது. அங்கே சோளத்தை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பிடிக்கும் ‘மல்வா’ என்னும் பாத்திரத்தால் அளந்து விற்பார்கள். சம்பளம் வராத ஆசிரியரின் கண்ணெதிரே மல்வா நிறைந்திருக்கும், வாங்கக் காசிராது. ஆகவே விளைச்சலை மட்டும் பார்த்துப் பசியை மதிப்பிடாதீர்கள், சந்தையைப் பாருங்கள்.

கேள்வி: சாட்டில் தட்டுப்பாட்டுக்கு அகதிகள்தானே காரணம்?

ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்த அத்ரே என்னும் எல்லையூரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்தனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி குறைந்ததையும், விறகுக்கு வெகுதூரம் நடக்க நேர்ந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சூடானிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு தடைப்பட்டதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

அதே உறுப்பினர்: வாய்கள் கூடினால் உணவு குறையும் என்பது எளிய கணக்கு.

அந்தக் கணக்கில் கைகள் விடுபட்டுள்ளன. வந்தவர்கள் உள்ளூர் வயல்களில் கூலிக்கு உழைக்கிறார்கள். உதவி லாரிகள் வருமுன் தம் குதிரிலிருந்து தானியம் எடுத்துக் கொடுத்தவர்கள் அவ்வூர் ஏழைகளே. வீடு எரிந்து வந்தவள்மீது விலைவாசியின் பழியைச் சுமத்துவதை என்னால் ஏற்க இயலாது.

கேள்வி: நிவாரணத் தானியம் தாமதமாவது ஏன்?

சாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கேமரூனின் துவாலா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகள் கிழக்கெல்லையைச் சேர ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டாறுகள் பெருகும்போது லாரிகள் கரையிலேயே நின்றுவிடும். பயிர் அறுவடைக்கு வராமல் வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் மாதங்களும் அவையே.

கேள்வி: சாட்டில் பஞ்சமா?

பஞ்சம் என்பது வரையறையுள்ள சொல்: பட்டினி, ஊட்டக்குறை, சாவு ஆகியவை குறித்த அளவைத் தாண்டினால்தான் அப்படி அறிவிப்பார்கள். 2024 ஆகஸ்டில் அது உறுதிசெய்யப்பட்டது சூடானின் டார்பூர் பகுதியில், வீடிழந்தோர் தங்கிய சம்சம் முகாமில். சாட் அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது உணவு நெருக்கடிநிலை.





கேள்வி: அம்மக்கள் உண்பது என்ன?

சோள மாவிலோ கம்பு மாவிலோ கிண்டிய ‘அசீதா’. நம் களியைப் போன்றது. உலர்த்திப் பொடித்த வெண்டைக்காயில் வைத்த குழம்பை அதன்மேல் ஊற்றுவார்கள். விலை ஏறும்போது முதலில் குழம்பு குறைகிறது. பிறகு ஒரு வேளையே குறைகிறது.