கவர்னர் மன்றோவும் அவர் எழுதிய குறிப்புகளும்

கேள்வி: சென்னை தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவை மக்களின் கவர்னர் என்கிறார்கள். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குக்கூட வைத்தார்களாம். இன்றைய ஆளுநர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: கற்றுக்கொள்ளட்டும். ஆனால் சிலையைப் பார்த்து வேண்டாம். அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைத்து ஏறும் அங்கவடியும் இல்லை. அதற்காக ஊரில் உலவும் கதைகளுக்கும் பஞ்சமில்லை. மந்திராலயத்தில் ராகவேந்திரர் மன்றோவுக்குக் காட்சி தந்தார் என்ற கதையைப் பக்தர்களிடமே விட்டுவிடுகிறேன். மன்றோ எழுதிய அலுவல் குறிப்புகள் 1881இல் இரண்டு தொகுதிகளாக அச்சேறின. அவற்றைப் படிக்கட்டும்.

மன்றோ உங்கள் பக்கத்தில் தொழில் பழகியவர்தான். 1780இல் கம்பெனிப் படையில் பயிற்சி அதிகாரியாக வந்த கிளாஸ்கோ இளைஞர், 1792 முதல் ஏழு ஆண்டுகள் பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதியில், வரி வசூல் கற்றார். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டதும் அங்கேதான். 1820இல் சென்னை மாகாணக் கவர்னரானார். 1827 ஜூலை 6 அன்று, இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலையில் கண்ட காலரா, இரவுக்குள் அவர் கதையை முடித்துவிட்டது.

1822 ஜூனில் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன சாதி என்று கட்டம் போட்ட படிவம். எல்லாவற்றையும் கூட்டி அவர் தீர்ப்பு எழுதும்போது 1826 ஆகிவிட்டது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். பள்ளி வயதுப் பையன்களில் ஏறக்குறைய நாலில் ஒருவன் படிக்கிறான், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் தேறுவான் என்று கணக்குப் போட்டார். ‘வெள்ளைக்காரன் வருமுன் ஊரெல்லாம் பள்ளிக்கூடம்’ என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெண்கள் 4,540 பேர்தான் என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

அதே 1822இல், ஏப்ரல் 12 அன்று எழுதிய குறிப்பு இன்னொன்று உண்டு. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் என் கண் அதில்தான் நிற்கிறது. சுதந்திரப் பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக இருக்க முடியாது. அந்நிய நுகத்திலிருந்து நாட்டை விடுவிப்பதே அப்படிப்பட்ட பத்திரிகையின் முதல் கடமை. ஆகவே அது இங்கே கூடாது என்கிறார். நம் தொழிலுக்கு இவ்வளவு பெரிய மரியாதையை வேறு யார் செய்தார்கள், அதுவும் தடை கேட்டுக்கொண்டே!

இரண்டு ஆண்டு கழித்து, 1824 டிசம்பர் 31 அன்று, ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவாக்கி வைப்பதைவிட நாம் இந்த நாட்டைவிட்டுத் துரத்தப்படுவதே மேல் என்று எழுதினார். அதையும் இதே கைதான் எழுதியது.

இன்னொன்று. மன்றோ நேரடியாக ஆண்டவர். இன்றைய ஆளுநரோ அரசியல் சட்டத்தின் 163ஆம் பிரிவின்படி, சில விஷயங்கள் தவிர, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டியவர். பதவிப் பெயர்தான் ஒன்று. அவர்கள் எதைக் கற்க வேண்டும் என்கிறீர்கள், ஜூன் மாதக் குறிப்பையா, ஏப்ரல் மாதக் குறிப்பையா? அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.