பிசிஓடி: மாத்திரை போட்டால் பீரியட்ஸ் வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

உங்களுக்கு 22 வயது, ஸ்கேனில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வந்தது, மாத்திரை போட்டால்தான் பீரியட்ஸ் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 19 வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது என் பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா மணையில் உட்காரவைத்து, பயத்தம் மாவில் எலுமிச்சைச் சாற்றைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார். தோல் சிவந்து எரியுமே தவிர கறுப்பு போகாது. "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்ல" என்று திட்டு வேறு. நாலு வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் என் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா அழுதுவிட்டார்.

உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கழுத்துத் தோல் கறுத்துத் தடிப்பது அந்த மிகுதியால்தான். அதுவே சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனைக் கூட்டிவிடுகிறது. தாடையில் முடி, முகப்பரு, தலைமுடி உதிர்வது எல்லாம் அதனால்தான். கருமுட்டையும் முதிராமல் பாதியில் நின்றுவிடும். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்பது அப்படி வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகளைத்தான். அது கட்டியே அல்ல. ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு. மாதவிலக்கு தள்ளிப்போவது, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் மருத்துவ நிபுணர்கள் வகுத்த அளவுகோல். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டு முடித்ததும் வருகிற ரத்தப்போக்கு, முட்டை வெளியானதற்கு அடையாளம் அல்ல. அதற்காக மாத்திரை வீண் என்று நீங்களாக விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். பிற்காலத்தில் அது புற்றுநோய் வரைக்கும் போகலாம். 90 நாளைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அப்போது எடை 52 கிலோதான். ஒல்லியாக இருக்கிறவளுக்கு இது எப்படி வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 156. 140-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை உண்டு. அன்றிலிருந்து தட்டில் சோறு குறைந்தது, சுண்டலும் முட்டையும் கூடின. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டைமாடியில் அரைமணி நேரம் நடப்பேன். எட்டு மாதத்தில் மாத்திரை இல்லாமல் முதல் பீரியட்ஸ் வந்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன்; பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையும் தேவைப்படும்.

கல்லூரிக்குக் கிளம்புமுன் கதவைச் சாத்திக்கொண்டு தாடை முடியைப் பிடுங்கிய காலைகளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிசிஓஎஸ் (பிசிஓடியைத்தான் இப்படியும் சொல்வார்கள்) உள்ள எல்லோரிடமும் மனச்சோர்வு, பதற்றம் பற்றி விசாரிக்க வேண்டும் என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. உங்களிடம் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பார்கள், ஆகாது. 'குழந்தை பிறக்காது' என்பதும் பொய். முட்டை வெளிவர லெட்ரோசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அடுத்த தடவை போகும்போது கடைசி ஆறு மாதத் தேதிகளையும், வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தக் குளுக்கோஸ் டெஸ்டை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.