தக்காளி வேரில் காணும் முடிச்சு நூற்புழுவால் வந்ததா என்பதை எப்படி உறுதி செய்வது?

உங்கள் தக்காளிச் செடிகள் மண் ஈரமாக இருக்கும்போதே உச்சி வெயிலில் துவண்டு மாலையில் நிமிர்வதாகவும், ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது ஓரிரு முடிச்சுகளே தென்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துவளல், மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவைச் சந்தேகிக்கப் போதுமானது. ஆனால் பிடுங்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிடுங்கும்போது முடிச்சு மிகுந்த மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பாதி வாடிய ஒரு செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள். முற்றிலும் காய்ந்த செடியில் வேர் அழுகியிருக்கும் என்பதால் அது உதவாது.

வேர்முடிச்சு நூற்புழு வேர்நுனியருகே நுழைந்து, நீரைக் கடத்தும் திசுவை ஒட்டி ஓரிடத்தில் தங்கி, அங்குள்ள சில உயிரணுக்களைப் பன்மடங்கு பெரிதாக்கி அவற்றிலிருந்தே உணவை உறிஞ்சுகிறது. சுற்றியுள்ள உயிரணுக்களும் பெருகுவதால் அந்த இடத்தில் வேரே பருத்துவிடுகிறது. ஆகவே அந்த முடிச்சு வேரின்மேல் ஒட்டியிருக்கும் பொருளன்று, வேரின் வீக்கம். விரலால் தள்ளினால் கழலாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தட்டைப்பயற்றின் வேரில் முண்டுகளைக் கண்டு, நூற்புழு என்று கருதி, நல்ல பாத்தி ஒன்றை முழுவதுமாக அழித்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அவை காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சுகள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அவை தேய்த்தால் உதிரும். நன்கு செயல்படுபவற்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தக்காளி வேரில் ரைசோபியம் முடிச்சிடாது என்பதால், அதில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

மேலும் உறுதி வேண்டுமானால், பெரிய முடிச்சு ஒன்றை பிளேடால் பிளந்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, பேரிக்காய் வடிவிலான முத்து வெண்மைப் பெண் புழுக்கள் தெரியும்; வேரின் மேற்பரப்பில் பழுப்பு நிறக் கூழ்போல் இருப்பவை, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கிய திரள்கள்.

செடி மாலையிலும் நிமிராமல் பச்சையாகவே சாய்ந்தால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நூற்புழு துளைத்த வேரில் அந்நோய் எளிதாக நுழையும் என்பதால், இரண்டும் ஒரே செடியில் இருக்கலாம்.

அலசிய நீரை வயலில் ஊற்றாதீர்கள். வேர்களை எருக்குழியில் போடாமல் நன்கு காயவைத்து எரித்துவிட்டு, மண்வெட்டியையும் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குச் செல்லுங்கள்.