கேள்வி – பதில்: எந்தச் சூட்டில் அடித்தால் உருக்கு உறுதியாகும்?

கேள்வி: பழைய லொறிகளின் ஸ்பிரிங் தகட்டைக் காய்ச்சிக் கவ்வாத்துக் கத்தி அடித்து வருகிறோம். குறைந்த சூட்டில் அடித்தால்தான் கத்தி உறுதியாக இருக்கும் என்று மூத்த கொல்லர்கள் சொல்கிறார்கள். ஆனால் சூடு தணிந்தபின் அடித்த சில தகடுகள் விரிசல் விட்டுவிட்டன. எது சரி?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: மூத்தவர்கள் சொல்வது ஓர் எல்லை வரை சரி, அதற்குக் கீழே போனால் அதே அறிவுரை தகட்டைக் கெடுத்துவிடும்.

உருக்கு நுண்ணிய பளிங்கு மணிகளால் ஆனது. மணிகள் சிறுக்கச் சிறுக்க உறுதியும் முறியாத தன்மையும் கூடும். சுமார் 1100 பாகை செல்சியஸில் அடிக்கும்போது, நசுங்கிய மணிகளின் இடத்தில் புதிய மணிகள் உடனுக்குடன் தோன்றுவதால் உலோகம் இளகியே இருக்கும்; ஆனால் அந்தச் சூட்டிலேயே வேலையை நிறுத்தினால் அவை பருத்துவிடும். கடைசி அடிகள் 850 முதல் 900 பாகைக்குள் விழுந்தால் அவ்வளவாகப் பருப்பதில்லை. அவர்கள் பேச்சிலுள்ள உண்மை இதுதான்.

உங்கள் தகடு சாதாரண இரும்பு அன்று. ஸ்பிரிங் உருக்கில் ஏறத்தாழ 0.6 சதவீதம் காபனும், வகைக்கேற்பச் சிலிக்கன், மங்கனீசு, குரோமியம் ஆகியவையும் இருக்கும். இத்தகைய கலப்புருக்கு, அதே சூட்டில் மெல்லுருக்கைவிட அதிகமாக அடியை எதிர்க்கும். ஆகவே சிவப்பு மங்கத் தொடங்கியதும், அதாவது 800 பாகையளவில், சம்மட்டியை வைத்துவிட்டுத் தகட்டை மீண்டும் உலைக்குள் இடுங்கள்.

மிக ஆபத்தான கட்டம் 200 முதல் 350 பாகை வரையிலானது; அரம் போட்ட இடம் நீலமாகத் தெரியும் சூடு இதற்குள்தான் வருகிறது. பொதுவாகச் சூடு ஏற ஏற உருக்கின் உறுதி குறையும். இங்கே மட்டும், காபன், நைதரசன் அணுக்கள் பளிங்கினுள் நகரும் பிறழ்வுகளை (உலோகம் வளைந்துகொடுக்க உதவும், அணு அடுக்கிலுள்ள ஒழுங்குக் குலைவுகளை) தொடர்ந்து சென்று பூட்டிவிடுவதால், பல உருக்குகளின் இழுவை உறுதி அறை வெப்பநிலையில் இருப்பதைவிடக் கூடிவிடுகிறது. அந்த உறுதியால் கொல்லருக்குப் பயனில்லை: வளைந்துகொடுக்கும் தன்மை குன்றிப்போவதால் அடி விழுந்த இடம் பிளக்கிறது.

கத்தியின் இறுதி உறுதிக்குச் சம்மட்டி மட்டும் பொறுப்பல்ல. மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போது மணிகள் புதிதாக உருவாவதால், அடித்துப் பெற்ற நன்மையில் ஒரு பகுதியே மிஞ்சும். மணி பருத்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், தோய்ப்பதற்கு முன் ஒருமுறை 870 பாகையளவுக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுங்கள். தீப்பொறி சிதறுமளவுக்கு எரிந்துபோன தகட்டுக்கு இதுவும் உதவாது. அந்தப் பகுதியை வெட்டி எறிவதே வழி.