லேசர் பெட்டி ஜன்னலுக்கு லிக்விட் கிரிஸ்டல் ஃபிலிம் போதுமா?

கேள்வி: வீட்டில் 10 வாட் டையோடு லேசர் (450 நானோமீட்டர், நீலம்) வைத்து மரத்தில் பெயர்ப்பலகை செதுக்குகிறேன். அதற்குப் பெட்டி கட்டியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் லிக்விட் கிரிஸ்டல் ஃபிலிம் ஒட்டினால் போதுமா? வெல்டிங் ஹெல்மெட்டிலும் அதுதானே இருக்கிறது?

பதில்: போதாது. கடையில் சுலபமாகக் கிடைப்பது ஆபீஸ் கண்ணாடிக்கு ஒட்டும் ஸ்மார்ட் ஃபிலிம். கரண்ட் கொடுத்தால் தெளியும், நிறுத்தினால் வெளுக்கும், ஆனால் வெளுத்திருக்கும்போதும் அது ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர தடுப்பதில்லை, பெரும்பகுதி இந்தப் பக்கம் வந்துவிடும்.

லேசருக்குப் பொருத்தமானது கொலஸ்டெரிக் என்ற வகை. அதில் மூலக்கூறுகள் சுழல்படிக்கட்டு போல முறுக்கி அடுக்கியிருக்கும், முறுக்கின் ஒரு முழுச்சுற்று நீளத்தை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் எந்த அலைநீளம் வருகிறதோ அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற நிறங்களை விட்டுவிடும். அருமையான சரக்குதான், அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஒமேகா லேசரிலேயே லிக்விட் கிரிஸ்டல் போலரைசர்கள் (ஒளி அதிரும் விதத்தை வடிகட்டும் தகடுகள்) உண்டு.

சிக்கல் என்னவென்றால், இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு பக்க முறுக்குள்ள படலம் அதே பக்கம் சுழலும் ஒளியைத்தான் திருப்பும். உங்கள் லேசர் ஒளியில் இரண்டு பக்கச் சுழற்சியும் சரிபாதி என்பதால், நேர்க்கற்றை பட்டால் பாதி, அதாவது 5 வாட், தாண்டிவிடும். இரண்டு முறுக்கையும் அடுக்கி, நூறில் ஒரு பங்குதான் கசிகிறது என்றே வைத்துக்கொள்வோம், அதுவே 100 மில்லிவாட். தற்செயலாகக் கண்ணில் பட்டால் பரவாயில்லை என்று விடப்படும் கிளாஸ் 2 பாயிண்டருக்கு வரம்பே 1 மில்லிவாட்! அப்புறம் சாய்வாக வரும் ஒளிக்குத் தடுக்கும் பட்டையே குறைந்த அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும். மரத்தில் பட்டுத் தெறிப்பது நேராகவா வரும்?

வெல்டிங் ஹெல்மெட்டையும் மறந்துவிடுங்கள். அதன் சென்சார் வெல்டிங் தீப்பொறியைப் பார்த்துத்தான் இருட்டாகும், உங்கள் நீலப்புள்ளியைக் கண்டுகொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சாயம் கலந்த, லேசருக்கென்றே செய்த ஆரஞ்சு அக்ரிலிக் ஷீட் வாங்குங்கள். அதில் 450 நானோமீட்டருக்கு ஓடி (OD, ஆப்டிகல் டென்சிட்டி, அதாவது ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும், வெறும் ஆரஞ்சு நிறம் கணக்கில்லை. ஓடி ஒன்று கூடினால் கசிவு பத்தில் ஒன்றாகும்: ஓடி 4 என்றால் 10 வாட் 1 மில்லிவாட் ஆகிறது, ஓடி 6 என்றால் 10 மைக்ரோவாட். 6 வாங்குங்கள். கண்ணாடி அணிவதானால் அதிலும் இதே எண்களையும் ஈஎன் 207 (லேசர் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரம்) முத்திரையையும் பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஜன்னலே வேண்டாம். உலோகத் தகட்டால் மூடிவிட்டு உள்ளே ஒரு மலிவான வெப்கேம் மாட்டுங்கள், சென்சார் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.