லேப்டாப்பில் ஓடும் பென்டிரைவ் சர்வரில் ஏன் ஓடவில்லை?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அலுவலகத்துக்காக ஹெச்பி ப்ரோலையன்ட் டிஎல்380பி ஜென்8 சர்வர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உபுண்டு சர்வர் 24.04 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸைப் போடலாம் என்று அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பென்டிரைவில் காப்பி செய்தேன். லேப்டாப்பில் செருகினால் இன்ஸ்டாலர் வருகிறது. சர்வரில் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று வந்து நின்றுவிடுகிறது. வேறு பென்டிரைவ் போட்டும் இதே கதைதான். சர்வர் பழுதா?"

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த மெசேஜ் வரை வந்துவிட்டது என்றால் ராம், பிராசசர் எல்லாம் விழித்துக்கொண்டன என்றுதான் பொருள். உங்களைக் குழப்பியது லேப்டாப்தான்.

இன்றைய லேப்டாப்கள் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகின்றன, அதாவது ஆன் செய்ததும் ஓஎஸ்ஸைத் தேடிக் கிளப்புகின்றன. பென்டிரைவில் இஎஃப்ஐ ஃபோல்டர் இருந்தால் போதும், அதைப் பிடித்துக் கிளம்பிவிடும். ஆகவே வெறும் காப்பி அங்கே வேலை செய்தது. உங்கள் டிஎல்380பி ஜென்8-ல் யூஇஎஃப்ஐயே கிடையாது, அதற்கு முந்தைய முறையான பயாஸ் மட்டும்தான். அது ஃபோல்டர்களைப் பார்க்காது. டிரைவின் முதல் 512 பைட்டான எம்பிஆரில் பூட் கோடு (ஓஎஸ்ஸைக் கிளப்பும் சிறு புரோகிராம்) இருக்கிறதா என்று பார்க்கும். ஃபைல்களைக் காப்பி செய்யும்போது அந்த இடத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. எத்தனை பென்டிரைவ் மாற்றினாலும் இதே கதைதான் வரும்.

சரி, ரூஃபஸை எடுங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிக்கும் விண்டோஸ் புரோகிராம் அது. பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஓவைக் காட்டியபின் பார்ட்டிஷன் ஸ்கீமில் (டிரைவைப் பிரித்து வைக்கும் முறை) எம்பிஆர் என்று வையுங்கள். இந்த ஒரு இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜிபிடி என்ற இன்னொரு முறையை வைத்தால் அது யூஇஎஃப்ஐக்கு மட்டுமான டிரைவாகிவிடும். எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா (ஃபைல்களாக எழுதுவது), டிடி முறையா (ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுப்பது) என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறை. அதுவும் பூட் ஆகாவிட்டால் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

அப்புறம் சர்வரை ஆன் செய்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். ராமைச் சோதித்து முடிக்கவே சில நிமிடம் ஆகலாம், திரை கறுப்பாக இருக்கிறதே என்று அணைத்துவிடாதீர்கள். அடியில் எஃப்9, எஃப்10, எஃப்11 என்று வரிசையாகத் தெரியும்போது எஃப்11-ஐ அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் யுஎஸ்பி டிரைவ்கீயைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவுக்கு அங்கே அதுதான் பெயர்.

உபுண்டுவுக்குப் பதிலாக விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல ஓஎஸ்களை ஓட்டும் மென்பொருள்) திரை வருகிறதா? செகண்ட் ஹேண்ட் சர்வர்களில் இது சகஜம். மதர்போர்டில் ஒரு எஸ்டி கார்டு ஸ்லாட்டும், உள்ளேயே ஒரு யுஎஸ்பி போர்ட்டும் உண்டு. பழைய உரிமையாளர் அதில் போட்டதை அப்படியே விட்டிருப்பார். எஃப்9 செட்டப்பில் யுஎஸ்பி ஆப்ஷன்ஸுக்குள் போய், வெளியே செருகும் டிரைவ்கீக்கு முதலிடம் கொடுங்கள். அல்லது பவர் கேபிள்களைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து கார்டையே கழற்றிவிடலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், பின்னால் குழப்பம் வராது.

இன்ஸ்டாலர் வந்தபின் ஹார்டு டிஸ்க் எதுவும் தெரியவில்லை என்றால் அது பூட் பிரச்சினை அல்ல. டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பி420ஐ ரெய்டு கன்ட்ரோலரில் லாஜிக்கல் டிரைவ் (ஓஎஸ்ஸுக்கு ஒரே டிஸ்க்காகத் தெரியும் தொகுப்பு) உருவாக்காதவரை டிஸ்க் தெரியாது. பூட் ஆகும்போது அந்தப் பெயர் திரையில் வந்ததும் எஃப்8 அழுத்தி, இரண்டு டிஸ்க் இருந்தால் ரெய்டு 1 (ஒன்றில் இருப்பது மற்றதிலும் அப்படியே இருக்கும் முறை) போடுங்கள். பழைய டிஸ்க்குகளில் வேண்டிய டேட்டா ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.