கோடு போட்டாச்சு, நிறம் எப்படி நிரப்புவது?

இந்த மாதம் டெல்டா பக்கத்து வாசகர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ, கேள்விகள் முழுக்க டிஜிட்டல் படத்துக்கு அடிநிறம் போடுவது பற்றித்தான். நிழல், வெளிச்சம் எதுவும் சேர்க்கும் முன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே சீராகப் போடுகிற நிறத்தைத்தான் அடிநிறம் என்கிறேன். ஃபிளாட் கலர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

அக்கா, மொபைலில் ஐபிஸ் பெயிண்டில் வரைகிறேன். நிறம் நிரப்பும் பக்கெட் கருவியைத் தட்டினால் புடவைக்குப் போட்ட சிவப்பு படம் முழுக்க ஓடிவிடுகிறது. ஓடாமல் நின்றாலும் கோட்டை ஒட்டி வெள்ளையாக நூல் மாதிரி தெரிகிறது. என்ன செய்வது?
_கல்லூரி மாணவி, மன்னார்குடி_

இரண்டும் வேறு வேறு பிரச்சினைம்மா. நிறம் ஓடுவதற்குக் காரணம், உங்கள் கோட்டில் எங்கோ ஒரு இடைவெளி இருக்கிறது. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், விடிவதற்குள் மொத்தத் தண்ணீரும் பக்கத்து வயலுக்குப் போயிருக்கும் இல்லையா, அதே கதைதான். பெரிதாக்கிப் பார்த்து அடையுங்கள். கோடு விட்டு விட்டு இருப்பதுதான் படத்துக்கு அழகு என்றால் அதைக் கெடுக்க வேண்டாம். மேலே ஒரு தனி லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற படலம்) போட்டு அதில் இடைவெளியை மட்டும் மூடி, பக்கெட்டை எல்லா லேயர்களையும் பார்க்கும்படி வைத்து நிரப்பிவிட்டு, அந்த லேயரை அழித்துவிடுங்கள். இடைவெளியைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் பக்கெட் அமைப்பில் இருக்கிறது, ஆனால் அதை ரொம்ப ஏற்றினால் விரல் இடுக்கு, கொசுவ மடிப்பு போன்ற குறுகிய இடங்களை அடைப்பு என்று நினைத்து நிரப்பாமல் விட்டுவிடும்.

வெள்ளை நூலுக்கு வருவோம். கோடு வழவழப்பாகத் தெரிவதற்காக அதன் ஓரத்தில் அரைகுறை சாம்பல் பிக்சல்களை ஆப் வைக்கிறது. பக்கெட் அந்தச் சாம்பலைக் கோடு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறது, அதனால் நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. நிறத்துக்கு எப்போதும் கோட்டுக்குக் கீழே தனி லேயர் வையுங்கள். தாளில் வரைந்து ஸ்கேன் செய்த கோடு என்றால் கோட்டு லேயரை மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் போட்டால் தாளின் வெள்ளை மறைந்துவிடும். அப்புறம் பக்கெட் அமைப்பில் நிரப்பும் பகுதியை 2 அல்லது 3 பிக்சல் விரிக்கச் சொல்லுங்கள், நிறம் கோட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மெல்லிய கோடு என்றால் 1 பிக்சலே போதும், கூடினால் அந்தப் பக்கம் வெளியே தெரியும்.

எல்லாம் முடிந்ததும், கண்ணைக் குத்துகிற மெஜந்தா நிறத்தில் ஒரு லேயரை எல்லாவற்றுக்கும் அடியில் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன ஒவ்வொரு பொட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் நிழல் போடப் போகவே கூடாது என்பேன்.

நடவு நடும் பெண்கள் வரிசையாக நிற்கும் படம். ஆளுக்குப் புடவை, ஜாக்கெட், தலைத்துண்டு என்று லேயர் போட்டால் என் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது.
_வாசகர், திருவாரூர்_

அத்தனை லேயர் எதற்கு? எல்லா அடிநிறத்தையும் ஒரே லேயரில் போடலாம், ஒரு நிபந்தனையோடு: ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். பக்கெட்டிலும் செலக்‌ஷனிலும் ஓரத்தை வழவழப்பாக்குகிற ஆண்டி-அலியாசிங்கை அணைத்துவிடுங்கள். ஓரம் படிக்கட்டு மாதிரி அசிங்கமாகத்தான் தெரியும், மேலே கோடு உட்கார்ந்ததும் மறைந்துவிடும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், அடிநிறத்தின் முதல் வேலை அழகு காட்டுவது இல்லை, பின்னால் ஒரு பகுதியைத் தொட்டவுடன் அது மட்டும் செலக்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் தொட்ட நிறத்தைப் பிடிக்கும் மேஜிக் வாண்ட் கருவியை எடுத்து, டாலரன்ஸ் (நிற வேறுபாட்டை எவ்வளவு பொறுக்கும் என்ற அளவு) 0, ஆண்டி-அலியாசிங் இல்லை, கண்டிகுவஸ் (ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் பிடிப்பது) அணைத்தது என்று வைத்துத் தொட்டால் அந்த நிறம் எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையும் ஒரே தட்டில் வந்துவிடும். இரண்டு பேர் ஒரே பச்சைப் புடவை கட்டியிருந்தால் ஒன்றை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றி வையுங்கள், தனித்தனியாகப் பிடிக்கலாம். இந்த லேயரை நகல் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, நிழலை மேலே வேறு லேயரில், கீழே உள்ள நிறத்தின் எல்லையைத் தாண்டாத கிளிப்பிங் மாஸ்க்காகப் போடுங்கள். மூல லேயர்மேல் மென்மையான பிரஷ் ஒரு தடவை பட்டாலும் போட்ட உழைப்பு வீண்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு சிற்பமாகப் பக்கெட்டைத் தட்டித் தட்டி விரல் தேய்கிறது.
_பள்ளி மாணவன், தஞ்சாவூர்_

தம்பி, முதலில் மொத்த விமானத்தையும் வெளிவிளிம்பை ஒட்டி லாசோ என்ற செலக்ட் செய்யும் கருவியால் சுற்றி ஒரே கல் நிறத்தை ஊற்று. அந்த லேயருக்கு ஆல்ஃபா லாக் போட்டுவிட்டால் இனி நிறம் வெளியே போகாது. உள்ளே மாடம், சிற்பம் எல்லாம் பிரஷ்ஷாலேயே போட்டுக்கொண்டே வரலாம். பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவதுதான் வழி. கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளை இறக்கிக்கொள், காசு கிடையாது. 2018-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதில் கலரைஸ் மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு கீறல் நிறம் வைத்தால் எல்லையை அதுவே தேடி நிரப்பும், சின்னச் சின்ன இடைவெளியையும் பொறுத்துக்கொள்ளும். பெரிய படத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.

வயலுக்கு என்ன பச்சை, ஆற்றுக்கு என்ன நீலம் எடுப்பது?
_வாசகி, மயிலாடுதுறை_

வீட்டு வாசலைத் தாண்டிப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது! ஆடிப்பெருக்குக்கு வரும் புதுத்தண்ணீர் நீலமா என்ன, கலங்கிய பழுப்பு. நீலம் வேண்டுமானால் அது வானத்தின் நிழல், அடுத்த லேயரில் வரட்டும். நடவு முடிந்த புது வயலின் அடிநிறமும் பச்சை இல்லை, சேற்றுத் தண்ணீர்தான். நாற்று அதன்மேல் இளமஞ்சள் கலந்த பச்சையாகத் தனியாக வரும். கதிர் வரும் சமயத்துக் கரும்பச்சையை அங்கே போட்டால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெள்ளை வேட்டிக்குச் சுத்த வெள்ளை, தலைமுடிக்குச் சுத்தக் கறுப்பு இரண்டையும் தவிருங்கள், அப்புறம் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடம் இருக்காது. மேலே ஒரு கறுப்பு லேயரை கலர் என்ற கலப்பு மோடில் போட்டால் படம் சாம்பலாகத் தெரியும். அதில் ஆள் வேறு, வயல் வேறு என்று பிரிந்து தெரிகிறதா பாருங்கள்.

நண்பருக்கு அடிநிறம் போட்டு ஜேபெக்காக அனுப்பினேன், செலக்ட் ஆகவில்லை என்கிறார்.
_வாசகர், கும்பகோணம்_

ஆகாது. ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது ஓரங்களில் நிறத்தைக் கலக்கிவிடும். பிஎன்ஜி அல்லது பிஎஸ்டியாக (ஃபோட்டோஷாப் கோப்பு) அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் என்றால் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்ட்டாக.

அடிநிறம் மட்டும் போட்டுச் சம்பாதிக்க முடியுமா?
_வாசகர், நாகப்பட்டினம்_

முடியும். அமெரிக்க காமிக்ஸில் படத்துக்கு நிறம் தீட்டும் கலரிஸ்டுகள் இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்கிறார்கள், ஃபிளாட்டர் என்று பெயர், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் வேகம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது. மாதிரிக்கு நாலைந்து பக்கம் போட்டு வைத்துக்கொண்டு கலரிஸ்டுகளுக்கு நேராக எழுதுங்கள். கோப்பை எந்த வடிவத்தில், எத்தனை லேயரில் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ஆளுக்கு ஒரு வழக்கம் இருக்கும்.